கடைசி வரிசையிலிருந்து ஒரு ஷாட்

அவர் மீது நான் பொய் சொன்னேன். நேரலையில், கோட்டுப் போட்டுக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்து, குரல் நடுங்காமல் சொன்னேன். பார்த்தவர்கள் நம்பினார்கள். நம்பவைப்பதுதான் அப்போது என் தொழில். அந்தப் பொய்யால் அவருக்கு வேலை போனது. அதைவிட, சொந்தத் தெருவில் அவருக்கு இருந்த நல்ல பெயர் போனது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அவரைப் பற்றி நல்லதாக நாலு பக்கம் எழுதிவிட்டுக் கடைசியில் இதைச் சொன்னால் அதுவும் ஒரு வித்தையாகிவிடும். வித்தை போதும்.

பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இயங்கிய சிறிய தமிழ்ச் செய்திச் சேனலுக்கு நான் ஆசிரியராக இருந்தேன். பெங்களூர்த் தமிழர்களுக்காகக் கேபிளில் வந்துகொண்டிருந்தது. கீழே பன் வேகும் வாசனை வரும்போது மேலே தலைப்புச் செய்தி எழுதிக்கொண்டிருப்போம். முதலாளி வீட்டுமனை வியாபாரி, ஒரு கட்சிக்கு வேண்டியவர். கட்சியின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் எதிர்க்கட்சிக்காரர் சந்தோஷப்படுவார். அவர் சந்தோஷப்படவும் இதில் ஒன்றும் இல்லை.

நான் எழுத வந்தது அங்கே கேமரா பிடித்த பெண்ணைப் பற்றி. அவர் பெயரையும் சொல்லப்போவதில்லை. எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க சார், பேரு மட்டும் வாணாம். பேரு போட்டா க்ளோஸப் ஆயிடும்" என்றார்.

வேலை கேட்டு வந்த அன்று ஒரு கல்யாண வீடியோவைக் கொண்டுவந்திருந்தார். விவேக் நகரில் அவருடைய அப்பாவுக்கு ஒரு வீடியோ ஸ்டூடியோ. பி.காம். முடித்துவிட்டு அப்பாவோடு கல்யாணங்களுக்குப் போய்க்கொண்டிருந்தவர். முப்பதைத் தாண்டியிருப்பார்.

"செய்தி எடுத்த அனுபவம் உண்டா?"

"இல்ல சார். கல்யாணம்தான்."

"செய்தி வேற, கல்யாணம் வேற ஆச்சேம்மா."

"எப்டி சார் வேற? ரெண்டு பக்கம் இருக்கும். ரெண்டு பக்கமும் நம்மளையே பாத்துக்கினு இருக்கும். எவன் மூஞ்சியாவது வுட்டுப்போச்சுன்னா அடிதான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய அப்பா வாங்கிக் கட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். ஒரு வரவேற்பில் மாப்பிள்ளை வீட்டார் கேக் ஊட்டியதை விரிவாக எடுத்துவிட்டு, பெண் வீட்டார் ஊட்டும்போது அப்பா பேட்டரி மாற்றப் போய்விட்டார். வீட்டில் வீடியோவைப் போட்டுப் பார்த்த மறுநாள் பெண்ணின் தாய்மாமன் ஸ்டூடியோவுக்கு வந்து, "எங்க ஜனம் இன்னா அனாதையா?" என்று கேட்டு ஷட்டரை இழுத்து மூடிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் ஒரு சட்டம். ஒரு பக்கத்தை எங்கிருந்து, எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம் எடுக்கிறோமோ, அடுத்த பக்கத்தையும் அப்படியே எடுக்க வேண்டும்.

"அந்தச் சட்டத்த இங்கயும் வெச்சுக்கலாமா சார்?"

"தாராளமா" என்றேன். வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஆசிரியர்கள் அப்படித்தான் பேசுவோம்.

அவர் அதை நம்பிவிட்டார் என்பது எனக்குச் சில வாரங்களில் புரிந்தது. ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் இரண்டு படி வைத்த ஒரு அலுமினிய ஸ்டூல் கட்டியிருப்பார். எந்தக் கட்சிக் கூட்டமாக இருந்தாலும் முதலில் மேடையருகில் நின்று பேச்சாளரின் முகத்தை எடுப்பார். பிறகு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே நடந்து கடைசி வரிசைக்குப் போவார். அதன் மேல் ஏறி நின்று, இடது கோடியிலிருந்து வலது கோடிவரை கேமராவை மெதுவாகத் திருப்புவார். எங்கேயும் நிறுத்தமாட்டார், வேகம் கூட்டமாட்டார். எப்படி எல்லாமே ஒரே நீளத்தில் வருகிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"மனசுல ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுவேன் சார். இந்தக் கோடியில ஆரம்பிச்சா அந்தக் கோடியில ஆமென். கட்சி எதுவானா இன்னா, செபம் அதே செபந்தான்."

கட்சிக்காரர்களை அவர் கட்சிப் பெயரால் சொல்லி நான் கேட்டதில்லை. ஆட்சியில் இருப்பவர்கள் மாப்பிள்ளை வீடு, மற்றவர்கள் பெண் வீடு. தேர்தல் முடிவு வரும் நாளில் அலுவலகத்துக்குள் நுழையும்போதே, "இப்ப யாரு சார் மாப்ள வூடு?" என்று கேட்டுக்கொண்டே வருவார். ஒரு கூட்டத்தில் தொண்டர் ஒருவர், "அக்கா, அண்ணன் மூஞ்சிய நல்லாக் காட்டு" என்று விரட்டியிருக்கிறார். "போஸ்டர்ல நல்லாத்தான இருக்கு அண்ணன் மூஞ்சி. நான் வேற எதுக்கு, கெடுக்கறதுக்கா?" என்று கேட்டுவிட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சாப்பாட்டிலும் அதே சட்டம்தான். ஒரு வீட்டில் சாப்பிட்டால் மறு வீட்டிலும் சாப்பிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் காக்ஸ் டவுனில் ஒரு கட்சியின் பிரியாணி. அதை வேண்டாம் என்று சொல்ல முடியாமல் சாப்பிட்டுவிட்டார். அடுத்த கூட்டம் பக்கத்துத் தெருவில். அங்கேயும் பிரியாணி. நியாயத்துக்காக அதையும் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் வேலைக்கு வராமல் போனில் சொன்னார்: "ரெண்டு பக்கமும் வயித்துக்குள்ள ஒத்துப்போவல சார்."

இவ்வளவும் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஏனென்றால் அவர் எடுத்து வருவதை நான் அப்படியே போட்டதில்லை. எங்கள் பக்கத்துக் கூட்டமென்றால் மேடையருகில் எடுத்த முகங்கள். அந்தப் பக்கத்துக் கூட்டமென்றால் கடைசி வரிசையிலிருந்து எடுத்த காலி நாற்காலிகள். அந்தப் பக்கத்துக் கவுன்சிலர் வார்டில் சாலையில் பள்ளம் இருந்தால் 'மரணக் குழி'. எங்கள் பக்கத்து வார்டில் இருந்தால் 'பணிகள் தீவிரம்'. எங்கள் ஆள் கட்சி மாறினால் துரோகம், அவர்கள் ஆள் எங்களிடம் வந்தால் மனமாற்றம். மாலையில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஊடக அறம் பற்றி விவாதம் நடத்துவேன். எம்.ஏ. தமிழ் படித்தவன். சொல்லுக்கு எனக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

காவிரித் தண்ணீர் விவகாரத்தில் ஊர் கொதித்துக்கொண்டிருந்த ஒரு வாரம். கன்னட அமைப்பு ஒன்றின் ஊர்வலத்தை எடுக்கப் போக வேண்டும். தமிழ்ச் சேனல் என்று தெரிந்தால் என்ன ஆகுமோ என்று எல்லோரும் தயங்கியபோது அவர் ஸ்டூலோடு கிளம்பிவிட்டார். வழிமறித்தவர்களிடம் கன்னடத்திலேயே பேசி, நிழலில் இடம் வாங்கிக்கொண்டு எடுத்திருக்கிறார். அதில் ஒரு காட்சி இருந்தது. தண்ணீர் தரமாட்டோம் என்று தொண்டை வறளக் கத்திய ஒருவர், மயங்கி உட்கார்ந்த தமிழ்க் காய்கறிக்காரம்மாவுக்குத் தன் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அதை வெட்டச் சொன்னேன்.

"ஏன் சார்?"

"நம்ம நேயர்களுக்கு இப்ப இது பிடிக்காதும்மா."

"அவங்க சேனல்லயும் உங்கள மாதிரி ஒருத்தர் இருப்பாரு சார். அவரு இந்நேரம் நம்ம ஆளு பண்ண நல்லத வெட்டிக்கினு இருப்பாரு. ரெண்டு பேரும் ஒரு நாள் காபி சாப்டணும்."

எனக்குக் கோபம் வந்தது. சிரித்துச் சமாளித்தேன்.

பிறகு அந்தத் தேர்தல் வந்தது. ஒரு மைதானத்தில் எதிர்க்கட்சித் தலைவரின் கூட்டம், அடுத்த வாரம் அதே மைதானத்தில் எங்கள் தலைவரின் கூட்டம். இரண்டு மாலையும் மழை. இரண்டு மாலையும் பாதி நாற்காலிகள் காலி. முதல் கூட்டத்தை, 'நாற்காலிகளிடம் வாக்குக் கேட்ட தலைவர்' என்று நாள் முழுக்க ஓட்டினோம். இரண்டாவது கூட்டத்துக்கு முகங்கள் மட்டும் போதாது, மக்கள் கடல் வேண்டும் என்று முதலாளி சொன்னார். கடலுக்கு எங்கே போவேன்? கணினியில் தேடினேன். சில வாரங்களுக்கு முன் எங்கள் கேமராக்காரர் தங்கள் பங்கு மாதா கோயிலின் தேர்த் திருவிழாவை எடுத்து, சின்னச் செய்தியாகப் போட எங்களுக்கும் ஒரு பகுதியைக் கொடுத்திருந்தார். தெரு நிறைய ஜனம். தேர் திரும்பிக் காட்சிக்குள் வருவதற்குச் சற்று முன்னால் வெட்டினேன். எல்லோர் கையிலும் வெளிச்சம் இருந்தது. இப்போது தலைவர்கள் பேசும்போது கூட்டம் செல்போன் விளக்கைத் தூக்கிக் காட்டுகிறதே, அப்படி நினைத்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன். கூட்டத்துக்கு மறுநாள், என் கையாலேயே ஒட்டினேன். அன்று அவர் விடுப்பில் இருந்தார்.

அவை காகிதக் குவளையில் செருகிய மெழுகுவர்த்திகள். விவேக் நகர்க்காரர்களுக்கு அது தெரியாதா? அவரவர் சொந்தக்காரர்களை அவரவர் கண்டுபிடித்தார்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் அலுவலக போன் ஓயாமல் அடித்தது. ஒரு பெண்மணி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "எங்க சின்னம்மா கைல மெழுகுவத்தி வெச்சிக்கினு உங்க தலைவருக்கா செபமால சொல்லுது? அது ஓட்டுப் போடவே போவாதுப்பா."

மறுநாள் காலை ஊரே சிரித்தது. முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார். "யார் மேலயாவது போட்டுடுங்க சார். உங்க மேல போட முடியாது, நீங்க நம்ம மூஞ்சி" என்றார். நான் மறுத்திருக்கலாம். மறுத்தால் என்ன போயிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு கோட்டு போயிருக்கும். அன்று மாலை நேரலையில், "எங்கள் ஒளிப்பதிவாளர் பொறுப்பற்ற முறையில் தவறான காட்சியைக் கொடுத்துவிட்டார். அவரைப் பணியிலிருந்து நீக்கிவிட்டோம். உண்மையே எங்கள் உயிர்" என்று வாசித்தேன். கடைசி வாக்கியம் நானே எழுதியது.

அடுத்த நாள் கேமராவை ஒப்படைக்க வந்தார். அழுவார் அல்லது திட்டுவார் என்று தயாராக இருந்தேன். கேமராவைத் துடைத்து, மூடி போட்டு, மேஜை மேல் வைத்தார்.

"ஒண்ணு கேக்கலாமா சார்?"

"கேளும்மா."

"இதையே அந்தப் பக்கத்துத் தலைவரு பண்ணியிருந்தாருன்னா, தான் பண்ண தப்ப ஒரு பொம்பள மேல போட்டிருந்தாருன்னா, நீங்க இன்னா தலைப்பு போட்டிருப்பீங்க?"

நான் மேஜை மேலிருந்த கேமராவைப் பார்த்தேன்.

"இப்ப வாணாம். யோசிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

அவருக்கு அதன்பின் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாதா தேரைக் கட்சிக்கு விற்றவள் என்று தெருவில் பேசினார்கள். திருவிழா எடுக்கும் வேலை வேறு ஸ்டூடியோவுக்குப் போனது. கல்யாணங்கள் குறைந்தன. அப்பா அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே காலமானார். தேர்தலில் யார் ஜெயித்தார்கள் என்பது இப்போது எனக்கே சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

சில வருடங்களில் சேனலை மூடினார்கள். நான் காக்ஸ் டவுன் வீட்டில் செய்தி பார்க்கும் கிழவனாகிவிட்டேன். ஒரு நாள் காலை டிவியில் ஒரு மந்திரி, தான் சொன்ன பொய்க்குத் தன் உதவியாளரைக் காரணம் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "வெக்கமில்லாத ஜென்மம், கூட உழைச்சவனைக் காட்டிக் கொடுக்கிறான்" என்று கத்தினேன். என் மனைவி இட்லியை வைத்துக்கொண்டே, "இருங்க, உங்களுக்கு ரத்த அழுத்தம். நீங்க பண்ணாததையா அவரு பண்ணிட்டாரு?" என்றாள். குத்திக் காட்டவில்லை. சட்னி வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அன்று பதினோரு மணிக்கு விவேக் நகர் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

ஸ்டூடியோ அப்படியே இருந்தது. பாஸ்போர்ட் படத்துக்கு ஒருவருக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தார். காதோரம் நரை. என்னைப் பார்த்ததும், "வாங்க சார், உக்காருங்க. வெய்யில்ல வந்திருக்கீங்க" என்றார். படம் எடுத்து முடித்த பின்தான் என் பக்கம் திரும்பினார்.

"தலைப்பு யோசிச்சு வெச்சீங்களா?"

"வெச்சிருக்கேன். 'தன் பொய்யை மறைக்கப் பெண் ஊழியரைப் பலி கொடுத்தவர்.'"

அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "நல்லா இருக்கு. உங்களுக்குத் தலைப்பு எப்பவும் நல்லா வரும்."

அந்தத் தலைப்பிலேயே ஒரு வீடியோவில் உண்மையைச் சொல்லி இணையத்தில் போட விரும்புவதாகச் சொன்னேன். வேறு யாரையாவது வைத்து எடுத்துக்கொள்கிறேன், அவர் அனுமதித்தால் போதும் என்றேன்.

"வேற யாரு எடுக்கறது? எங்க ஜனம் முன்னாடி சொல்லுங்க. நானே எடுக்கறேன். ஆனா நம்ம சட்டம்தான் சார். வெட்டு கிடையாது."

பங்குச் சாமியாரிடம் கேட்டு, ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் பக்கத்து ஹாலில் ஏற்பாடு செய்தார். பூசையில் அறிவித்தார்கள். ஹால் நிறைய நாற்காலி போட்டிருந்தார்கள். கறிக்கடைக்கும் டிபனுக்கும் போன ஜனம் போக, முன்னால் கொஞ்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று, இங்கே முதல் பத்தியில் எழுதியிருப்பதைச் சொன்னேன். மெழுகுவர்த்தியைச் செல்போன் விளக்கு என்று கணக்குப் போட்டதையும் சொன்னேன். இரண்டு கூட்டத்திலும் நாற்காலிகள் காலியாக இருந்ததையும், நாங்கள் ஒன்றை மட்டும் காட்டியதையும், எதிர்ப்பக்கத்துச் சேனல் மற்றதை மட்டும் காட்டியதையும் சொன்னேன். அவர் என் முகத்தை எடுத்தார். பிறகு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போவதைப் பார்த்தேன். என் பேச்சு தடுமாறியது. காலி நாற்காலிகளுக்கு முன்னால் பேசுகிறவனாக நான் தெரியப்போகிறேன். அவர் ஏறி நின்று, மெதுவாக, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பினார்.

நான் முடித்ததும் எல்லோரும் கிளம்ப எழுந்துவிட்டார்கள். அவர் கேமராவை ஸ்டாண்டில் பொருத்திவிட்டு வந்து நான் நின்ற இடத்தில் நின்றார்.

"மாப்ள வூட்டுக்கு எடுத்தா பொண்ணு வூட்டுக்கும் எடுக்கணும்ல" என்றார். பிறகு கேமராவைப் பார்த்தார். "ரெண்டு பக்கத்துக் காலி நாற்காலியும் எடுத்தவ நான். ஒரு பக்கத்துதுதான் டிவில வரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அங்க வேல பாத்தேன். ஒழுங்கா எடுத்துட்டோம், மேல இருக்கறவங்க வெட்டுனா அது அவங்க பாவம்னு இருந்துட்டேன். சாரு சொன்னது ஒரு பொய். நான் வாயத் தொறக்காம வுட்டது நெறைய."

நான் குறுக்கே போய், "இது தேவையில்லம்மா, தப்பு உங்களது இல்ல" என்றேன். "தள்ளுங்க சார், ஃப்ரேமுக்குள்ள வர்றீங்க" என்றார்.

அந்தக் காட்சியும் வீடியோவில் இருக்கிறது.

வீடியோவைப் போட்டோம். இரண்டு நாளில் எதிர்ப்பக்கத்துச் சேனல் ஒன்று அதை எடுத்துக்கொண்டது. என் முகம் மட்டும், கண் கலங்கிய இடம் மட்டும், மாலை முழுக்க. அவர்கள் சேனலைப் பற்றி நான் சொன்னது இல்லை. கடைசி வரிசை இல்லை. அவர் பேசியது இல்லவே இல்லை. கீழே, 'உண்மை வென்றது' என்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவருக்குப் போன் செய்து இரைந்தேன்.

மறுமுனையில் சிரிப்பு. "க்ளோஸப் மட்டும் போட்டாங்களா சார்? நல்லா வெட்டியிருக்காங்களா?"

"ரொம்ப நல்லா வெட்டியிருக்கான்."

"சொன்னேன்ல, அங்கயும் உங்கள மாதிரி ஒருத்தர் இருப்பாருன்னு. காபிக்குக் கூப்புடுங்க."

ஆனால் விவேக் நகரில் முழு வீடியோவைத்தான் பார்த்தார்கள். கையிலிருந்து கைக்குப் போனது. செபமாலைச் சின்னம்மா ஸ்டூடியோவுக்கே வந்து அவர் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாராம். அப்பா இருந்து பார்த்திருந்தால் என்று அவர் என்னிடம் ஒருமுறை ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அந்த வாக்கியத்தை முடிக்க என்னிடம் எந்தப் பரிகாரமும் இல்லை.

இந்த வருடத் தேர்த் திருவிழாவை எடுக்க அவரையே கூப்பிட்டார்கள். நானும் போயிருந்தேன். வாங்கிய மெழுகுவர்த்தியைக் காகிதக் குவளையில் செருகிக்கொண்டு, கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். அருகில் நின்றவரிடம், "அந்த ஸ்டூல் மேல நிக்கறாங்களே, அவங்களோட நான் வேலை பாத்திருக்கேன்" என்று சொன்னேன். முன்பு கோட்டுப் போட்டுக்கொண்டு யார் யாரையோ தெரியும் என்று சொல்லியிருக்கிறேன். ஒருவரைத் தெரியும் என்பதற்காக என் நெஞ்சு நிமிர்ந்தது அன்றுதான்.

தேர் திரும்பியது. அவர் கேமராவை இடது கோடியில் ஆரம்பித்தார். முகங்கள், வெளிச்சங்கள், குழந்தைகளைத் தோளில் தூக்கியவர்கள். கேமரா என் பக்கம் வந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டார், எனக்குத் தெரியும். கேமரா நிற்கவில்லை. வேகம் கூடவும் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவரைக் கடந்த அதே வேகத்தில் என்னையும் கடந்து அடுத்தவருக்குப் போனது. வலது கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய உதடுகள் ஆமென் என்று மெல்ல அசைந்து மூடின.